தென்மாவட்டக் காவல் அதிகாரிகளுக்கு ஒரு செல்போன் கடைக்காரனின் மடல்

மதிப்பிற்குரிய ஐயா, அம்மா அனைவருக்கும் வணக்கம்.

நான் பாளையங்கோட்டையில் செல்போன் விற்றும் பழுது பார்த்தும் பிழைக்கிறவன். கடை போட்டு பதினெட்டு வருடம் ஆகிறது. ரீசார்ஜ் கூப்பனை நகத்தால் சுரண்டி நம்பரை வாசித்துக் கொடுத்த காலத்தில் ஆரம்பித்தேன். இன்றைக்கு என் மேசைக்கு வராத போன் இந்த வட்டாரத்தில் குறைவு. கல்லூரிப் பிள்ளைகள், ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரி நர்ஸம்மாக்கள், மேலப்பாளையம் பாய்மார்கள், சேரன்மாதேவியிலிருந்து பஸ் ஏறி வருகிற ஆச்சிகள் என்று எல்லாரும் வருவார்கள். உங்கள் துறை ஆட்களும் வருவார்கள். டிஸ்ப்ளே மாற்றுவதற்கும் வருவார்கள், "இந்த ஐ.எம்.இ.ஐ. நம்பர் போன் உங்க கடைக்கு வந்துச்சா?" என்று கேட்பதற்கும் வருவார்கள்.

இந்தக் கடிதத்தைத் தபாலில் அனுப்பியிருக்கலாம். எந்த மேசையில் யார் பிரிப்பார், பிரித்தவர் யாரிடம் சொல்வார் என்ற பயத்தில் பொதுவில் எழுதுகிறேன். அந்தப் பயம் எங்கிருந்து வந்தது என்பதைப் பிறகு சொல்கிறேன்.

போன வருடம் ஒரு ராத்திரி, ஷட்டரைப் பாதி இறக்கியிருந்த நேரம். களக்காட்டுப் பக்கம் வாழை வியாபாரம் செய்கிறவர் ஒருவர் குனிந்து உள்ளே வந்தார். கையில் ஒரு போன். "அண்ணாச்சி, இதுல என்ன இருக்குன்னு கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க" என்றார். மகனுடைய போன். மகன் இங்கே ஒரு கல்லூரியில் இரண்டாம் வருடம் படிக்கிறான். அவனும் வந்திருந்தான், வெளியே பைக்கில் தலையைக் குனிந்தபடி உட்கார்ந்திருந்தான். அடுத்தவர் போனைத் துழாவுவது என் வேலை இல்லை. பையனைக் கூப்பிட்டுக் கேட்டேன். பாஸ்வேர்டை அவனே போட்டுக் கொடுத்தான்.

அதில் பெரிதாக ஒன்றும் இல்லை என்பதுதான் விஷயம். ஒரு பூப்படம் போட்ட இன்ஸ்டாகிராம் கணக்கோடு பேசியிருக்கிறான், ஆனால் பேசியது எல்லாம் தானாக அழிந்துபோயிருந்தது. மிச்சம் இருந்தவை இரண்டு. மேப்பில் சேமித்த சில இடங்கள்: ஒரு வாய்க்கால் கரை, மூடிக் கிடக்கிற ஒரு ரைஸ்மில்லின் பின்சுவர், ஒரு பாலத்துக்கு அடி. ஒரு போட்டோவில் செங்கல் ஒன்றைச் சுற்றிச் சிவப்பில் வட்டம் போட்டிருந்தது. அப்புறம் ஜிபே கணக்கில் 300, 500, 500, 800 என்று ஒரே பெயருக்குப் போன பணம். பெண் பெயர். "யாருப்பா இந்த அம்மா?" என்று கேட்டேன். "தெரியாது அண்ணாச்சி. யாரையும் பாத்ததே இல்ல. பணம் போடுவோம், லொக்கேஷன் வரும், போய் எடுத்துக்கிடுவோம்" என்றான்.

எங்கள் வயதில் கஞ்சா விற்கிறவனை ஊருக்கே தெரியும். எந்தச் சந்தில் நிற்பான், எந்தத் திண்ணையில் உட்காருவான் என்று உங்களுக்கும் தெரியும். அவனைக் கூட்டிக்கொண்டு போவீர்கள், கொஞ்ச நாளில் திரும்பி வருவான். இன்றைக்கு வாங்குகிறவனுக்கே விற்கிறவன் முகம் தெரியாது. முகம் இருந்த இடத்தில் ஒரு கணக்கும் ஒரு க்யூ.ஆர். கோடும் ஒரு மேப் புள்ளியும் வந்து உட்கார்ந்துவிட்டன. டார்க் வெப் என்கிற மறைவு இணையம், பிட்காயின் என்கிற டிஜிட்டல் பணம் என்று பத்திரிகைகள் பயமுறுத்துகின்றன. அதுவும் இருக்கிறது, இல்லாமல் இல்லை. 2025 ஜூன் கடைசியில் கொச்சி போதைப்பொருள் தடுப்புப் பிரிவினர் மூவாற்றுப்புழையில் இருந்து டார்க் வெப்பில் எல்.எஸ்.டி. விற்றுக்கொண்டிருந்த ஒரு கும்பலைப் பிடித்தார்கள், 1,127 எல்.எஸ்.டி. வில்லைகளோடு. புளியரைச் சோதனைச்சாவடியைத் தாண்டி சில மணி நேரம் போனால் வருகிற ஊர்தான். ஆனால் நம் பிள்ளைகளுக்கு அவ்வளவு வித்தை தேவைப்படவில்லை. வாழைத்தார் விற்ற காசை அப்பா அனுப்புகிற அதே போனில், அதே செயலியில் வேலை முடிந்துவிடுகிறது.

நான் எழுத உட்கார்ந்தது இதைச் சொல்லத்தான். இந்த வியாபாரம் போனுக்குள் போனபோது முகத்தை மறைத்துக்கொண்டது, ஆனால் தடயத்தை முன்னைவிட அதிகமாக விட்டுவிட்டுப் போகிறது. திண்ணையில் உட்கார்ந்து பொட்டலம் விற்றவன் எந்த ரசீதும் கொடுத்ததில்லை. இவனோ ஒவ்வொரு விற்பனைக்கும் தேதி, நேரம், தொகை, வங்கி, மொபைல் நம்பர் எல்லாம் போட்டு ஒரு ரசீதை எங்கோ ஒரு சர்வரில் விட்டுவைக்கிறான். நூலின் ஒரு நுனி உங்கள் கையில் இருக்கிறது. நீங்கள் அதை இழுத்துக்கொண்டே போவதில்லை. வாய்க்கால் கரையில் பொட்டலம் எடுக்க வருகிற பையனிடத்திலேயே அறுத்துவிடுகிறீர்கள். அவனைப் பிடிக்கிறீர்கள், போட்டோ வருகிறது, வழக்கு எண்ணிக்கையில் ஒன்று கூடுகிறது. ஒரு மணி நேரத்தில் அந்தப் பூப்படக் கணக்கு மூடப்பட்டு வேறு பெயரில் திறக்கிறது.

சட்டமே அந்தப் பையனையும் மேலே இருப்பவனையும் ஒரே தட்டில் வைக்கவில்லை. 1985-ம் வருட என்.டி.பி.எஸ். என்கிற போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தில் கஞ்சாவுக்கு ஒரு கிலோ வரை சிறிய அளவு, அதற்குத் தண்டனை அதிகபட்சம் ஒரு வருடம். 20 கிலோவுக்கு மேல் போனால் வணிக அளவு, குறைந்தது 10 வருடம். கையில் ஐம்பது கிராம் வைத்திருப்பவனைப் பிடித்துக்கொண்டே இருந்தால் 20 கிலோக்காரன் நிம்மதியாகத் தூங்குவான்.

வெளிநாட்டில் இதை எப்படிச் செய்தார்கள் என்று கொஞ்சம் படித்துப் பார்த்தேன். கடையில் மத்தியானம் கூட்டம் இருக்காது. 2017-ல் ஆல்ஃபாபே, ஹான்சா என்று இரண்டு பெரிய டார்க் வெப் சந்தைகள் இருந்தன. நெதர்லாந்து போலீஸ் ஹான்சாவைக் கைப்பற்றியபோது அதை மூடவில்லை. ஏறக்குறைய ஒரு மாதம் தாங்களே கடைக்காரராக உட்கார்ந்து நடத்தினார்கள். அதற்குள் அமெரிக்காக்காரர்கள் ஆல்ஃபாபேயை மூட, அங்கே வியாபாரம் செய்தவர்கள் எல்லாரும் மூட்டை முடிச்சோடு ஹான்சாவுக்குத்தான் ஓடி வந்தார்கள். வந்தவர்கள் விலாசத்தை எல்லாம் எழுதிக்கொண்டு, அப்புறம்தான் ஷட்டரை இறக்கினார்கள். எனக்குப் படித்ததும் சிரிப்பு வந்துவிட்டது. 2021 ஜூனில் வெளிவந்தது இன்னும் பெரிய கூத்து. குற்றவாளிகள் ரகசியமாகப் பேசுவதற்கென்று விற்ற 'அனாம்' போனை நடத்தியதே அமெரிக்காவின் எஃப்.பி.ஐ. போலீஸ்தான். ஏறக்குறைய 12,000 போன்கள், கடைசியில் 800-க்கு மேற்பட்டவர்கள் கைது. நம்முடைய சட்டத்தில் ஒட்டுக் கேட்பதற்கு உள்துறைச் செயலர் மட்டத்தில் உத்தரவு வேண்டும், எல்லாவற்றையும் அப்படியே இங்கே செய்ய முடியாது, செய்யவும் வேண்டாம். அவர்களிடம் இருந்த பொறுமையைத்தான் சொல்கிறேன்.

பொறுமை இருந்தால் பெரிய கருவிகூட வேண்டாம். சில்க் ரோடு என்ற முதல் பெரிய போதைச் சந்தை 2011-ல் தொடங்கி 2013 அக்டோபரில் மூடப்பட்டது. அதை நடத்தியவனின் பெயரைக் கண்டுபிடித்துக் கொடுத்தவர் கேரி ஆல்ஃபோர்ட் என்ற அமெரிக்க வருமான வரித் துறை அதிகாரி. கூகுளில் உட்கார்ந்து, அந்தச் சந்தையைப் பற்றி முதன்முதலில் இணையத்தில் எழுதியவன் யார் என்று பின்னோக்கித் தேடிக்கொண்டே போனார். பழைய பதிவு ஒன்றில் அவன் தன் சொந்த மின்னஞ்சல் முகவரியை விட்டு வைத்திருந்தான். உங்கள் சைபர் பிரிவில் இதைச் செய்யக்கூடிய பிள்ளைகள் நிச்சயம் இருக்கிறார்கள். அவர்களை ராத்திரி ரோந்துக்கும் திருவிழா பந்தோபஸ்துக்கும் அனுப்பாமல் இருந்தாலே பாதி வேலை நடக்கும். (ஆனித் தேரோட்டத்துக்கு ஆள் பற்றாது என்பது எனக்கும் தெரியும். தேர் வருடத்துக்கு ஒரு தடவைதான்.)

சரி, நூல் எங்கெல்லாம் ஓடுகிறது? சிம் கார்டு, பணம், பார்சல். முதலாவது என் தொழில் என்பதால் அதைக் கூச்சப்படாமல் சொல்லிவிடுகிறேன்.

சிம் விஷயத்தில் எங்கள் தொழிலில் களவு இருக்கிறது. "கைரேகை சரியா விழல, இன்னொரு தடவை வைங்க" என்று சொல்லி, இரண்டாவது தடவை வைத்த விரலுக்கு இன்னொரு சிம்மை எடுத்துவிடுகிற கடைகள் உண்டு. அந்த இரண்டாவது சிம் நல்ல விலைக்குப் போகும். போன மாதம் ஒரு ஆச்சி பட்டன் போனோடு வந்தாள். பேரன் கேட்டதால் அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் அவள் பெயரில் எத்தனை இணைப்பு என்று பார்த்தேன். நான்கு. ஆச்சியின் கையில் இருந்தது ஒன்று. மற்ற மூன்றும் எந்த ஊரில் யார் பாக்கெட்டில் இருக்கிறதோ. "எனக்குத் தெரியாதுன்னு அழுத்துங்க" என்று மூன்றையும் புகார் செய்து கொடுத்தேன். ஆச்சி பத்து ரூபாய் நீட்டினாள்.

அரசு இதற்குக் கதவு போடாமல் இல்லை. சிம் விற்கிற ஒவ்வொரு கடையும் பதிவு செய்திருக்க வேண்டும், மொத்தமாக சிம் கொடுப்பது கூடாது என்று 2023 டிசம்பரில் விதி வந்தது. ஒருவர் பெயரில் ஒன்பது இணைப்புதான். 2023-ம் வருடத் தொலைத்தொடர்புச் சட்டத்தில் ஏமாற்றி சிம் வாங்கினால் மூன்று வருடம் வரை சிறை என்று எழுதியிருக்கிறது. இப்போது என் கேள்வி இதுதான். கஞ்சா வழக்கில் ஒரு போனைப் பறிமுதல் செய்கிறீர்கள். அதில் இருந்த சிம் யார் பெயரில் இருக்கிறது என்று பார்க்கிறீர்கள், அது ஏதோ ஒரு ஆச்சி பெயரில் இருக்கிறது, 'போலி முகவரி' என்று எழுதிக் கோப்பை மூடுகிறீர்கள். அந்த சிம்மை ஆக்டிவேட் செய்த கடை எது? பதிவு எண் இருக்கிறது, தேதி இருக்கிறது, நேரம்கூட இருக்கிறது. அந்தக் கடையில் அதே வாரம் போன மற்ற சிம்கள் எவை? ஒரு கடையைத் திறந்தால் நாற்பது கதவு திறக்கும். என் சங்கத்து ஆட்கள் என் மேல் கோபப்படுவார்கள், படட்டும். நேர்மையாகக் கடை நடத்துகிறவன்தான் இந்தக் களவால் முதலில் நஷ்டப்படுகிறவன்.

பணம் அடுத்தது. அந்தப் பெண் பெயர்க் கணக்கு என்னவாக இருக்கும் என்று எனக்கு ஓரளவு ஊகம் உண்டு. அக்கவுண்ட் வாடகைக்கு விடுகிறார்கள். மாதம் சில ஆயிரம் தருகிறோம், பாஸ்புக், ஏ.டி.எம். கார்டு, அதோடு ஒரு சிம் கொடு என்று கேட்டு வாங்கிப் போகிறார்கள். கடன் நெருக்கடியில் இருக்கிற வீடு, கொடுத்துவிடுகிறது. அந்தக் கணக்குக்குள் யார் யார் பணம் போட்டார்கள் என்று பார்த்தால் வாடிக்கையாளர் பட்டியல் வரும், பணம் அங்கிருந்து எங்கே போனது என்று பார்த்தால் மேலே ஏறலாம். நீங்கள் முதலாவதைத்தான் பார்க்கிறீர்கள் என்பது என் மனத்தாங்கல். மேலே ஏறினால் சொத்தை முடக்கவே என்.டி.பி.எஸ். சட்டத்தில் ஒரு தனி அத்தியாயம் இருக்கிறது, ஐந்து-ஏ என்று. தமிழ்நாடு போலீஸ் 2022-ல் 'கஞ்சா வேட்டை 2.0' நடத்தியபோது வங்கிக் கணக்குகளை முடக்கியதாகச் செய்தி வந்தபோது கைதட்டினவர்களில் நானும் ஒருவன்.

கூடவே ஒரு வேண்டுகோள். முடக்கும்போது கொஞ்சம் பார்த்து முடக்குங்கள். எனக்குத் தெரிந்த டீக்கடைக்காரர் ஒருவருக்கு யாரோ ஒருவன் பஜ்ஜிக்கும் டீக்கும் ஜிபேயில் காசு போட்டிருக்கிறான். அவன் ஏதோ ஒரு வழக்கில் சம்பந்தப்பட்டவன். ஏதோ ஓர் ஊர் போலீஸ் அனுப்பிய கடிதத்தில், டீக்கடைக்காரரின் கணக்கு முழுவதும் நின்றுபோனது. பால்காரருக்குக் கொடுக்கக் காசு இல்லை. வங்கியில் கேட்டால் போலீஸிடம் போ என்றார்கள், போலீஸிடம் கேட்டால் வங்கியில் கேள் என்றார்கள். ஒன்றரை மாதம் அலைந்தார். சந்தேகம் அந்த நாற்பது ரூபாய் மேல் என்றால் அந்த நாற்பது ரூபாயை நிறுத்துங்கள்.

பார்சல் பற்றி எனக்கு அதிகம் தெரியாது, தெரிந்ததைச் சொல்கிறேன். கஞ்சா பெரும்பாலும் ஆந்திரா – ஒடிசா எல்லை மலைகளில் இருந்து வருகிறது. அங்கே பயிரைக் கண்டுபிடிக்க ட்ரோன் விடுகிறார்கள், செயற்கைக்கோள் படம் பார்க்கிறார்கள். அங்கிருந்து புறப்பட்ட மூட்டை நம்மூர் பார்சல் ஆபீஸுக்கு வந்து சேரும்போது அதை வரவேற்க ஒரு கார்பன் பேப்பரும் ஒரு பால்பாயின்ட் பேனாவும் இருக்கின்றன. அனுப்புநர் பெயர் 'குமார்', பெறுநர் பெயரும் 'குமார்'. மாத்திரைகளோ கூரியரில் மருந்துப் பெட்டியாகவே வருகின்றன. டிரமடால் என்ற வலி மாத்திரையை 2018-ல் என்.டி.பி.எஸ். சட்டத்துக்குள் கொண்டுவந்தார்கள், சந்தை டபென்டடால் என்ற இன்னொரு வலி மாத்திரை பக்கம் திரும்பியது. வலி மாத்திரையைக் கரைத்து ஊசியில் ஏற்றுகிறார்கள் பிள்ளைகள். களக்காட்டுப் பையனின் சிநேகிதன் ஒருவனின் கையைப் பார்த்தேன், அதைப் பற்றி எழுத மனது வரவில்லை. பார்சல் வாங்க வருகிறவரின் அடையாள அட்டையையும் ஒரு போட்டோவையும் எடுத்து வைப்பது பெரிய தொழில்நுட்பம் இல்லை. ஒரு சிம் வாங்கக் கைரேகை வேண்டும், இருபது கிலோ மூட்டை வாங்க ஒன்றும் வேண்டாம் என்பது என்ன நியாயம்?

கடலைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2024 நவம்பரில் அந்தமான் அருகே கடலோரக் காவல் படை மியான்மர் படகு ஒன்றில் சுமார் 6,000 கிலோ மெத்தாம்பெட்டமின் என்ற போதைப்பொருளைப் பிடித்தது. அந்தப் படகில் செயற்கைக்கோள் வழியாக இணையம் தருகிற ஸ்டார்லிங்க் சாதனம் இருந்தது. நடுக்கடலில் டவர் இல்லை, சிக்னல் இல்லை என்று நாம் நினைத்துக்கொண்டிருந்த காலம் முடிந்துவிட்டது. தூத்துக்குடியில் இருந்து இலங்கைக்குப் பீடி இலையும் மஞ்சளும் கஞ்சாவும் போகிற படகுகளைப் பிடிக்கிறவர்கள் இதை நினைவில் வைத்திருப்பார்கள் என்று நம்புகிறேன்.

இனி நீங்கள் கோபப்படுகிற பகுதி.

பைபாஸில் பையன்களை நிறுத்தி, "போனைக் கொடு, வாட்ஸ்அப்பைத் திற" என்று கேட்கிற வழக்கம் இருக்கிறது. 2021 அக்டோபரில் ஹைதராபாத் போலீஸ் தெருவில் போகிறவர் போனை வாங்கி, அரட்டையில் 'கஞ்சா' என்ற சொல் வருகிறதா என்று தேடிய வீடியோ நாடு முழுக்கப் பரவியது. அதே வேலை நம் பக்கமும் நடக்கிறது. என் அக்காள் மகனை நிறுத்தினார்கள். எந்த நிலையம் என்று சொல்லப்போவதில்லை. போனில் ஒன்றும் இல்லை. கேலரியில் அவன் கல்யாணம் பேசியிருக்கிற பெண்ணின் படங்கள் இருந்தன, அதை இரண்டு பேர் பார்த்துச் சிரித்தார்கள். அன்றோடு அவனுக்கு உங்கள் மேல் இருந்த மரியாதை போய்விட்டது. நாளைக்கு அவன் தெருவில் யாராவது பொட்டலம் வைப்பதைப் பார்த்தால் உங்களிடம் சொல்வானா?

அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று ஒன்பது நீதிபதிகள் 2017 ஆகஸ்டில் சொல்லிவிட்டார்கள். 2024 ஜூலையில் ஃப்ராங்க் விட்டஸ் வழக்கில், அதுவும் போதைப்பொருள் வழக்குதான், ஜாமீனில் போகிறவர் கூகுள் மேப்பில் தன் இருப்பிடத்தை அதிகாரிக்குக் காட்டிக்கொண்டே இருக்க வேண்டும் என்று நிபந்தனை போடக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. குற்றம் சாட்டப்பட்டவனுக்கே அப்படி என்றால், பைபாஸில் டீ குடிக்க நின்றவனுக்கு?

உரிமையைக்கூட விடுங்கள், வேலைக்கு ஆகிறதா என்று பாருங்கள். நான் தினமும் போனைத் திறந்து மூடுகிறவன். ரோட்டில் வைத்து விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்த போன் சாட்சியாக நிற்காது. எந்த நேரத்தில் எந்தச் செயலி திறந்தது என்பது போனிலேயே பதிவாகிறது. வக்கீல் கேட்பார்: என் கட்சிக்காரரை நிறுத்தியது எட்டு மணிக்கு, எட்டே காலுக்கு இந்தப் படத்தைத் திறந்தது யார்? பிடித்த உடனே நெட்வொர்க் இணைப்பைத் துண்டித்து, உறையில் போட்டு முத்திரை வைத்து, தடயவியல் ஆட்கள் நகல் எடுத்து, அந்த நகல் மாறவில்லை என்று காட்டுகிற ஹாஷ் எண்ணைக் குறித்துவைக்க வேண்டும். 2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கிற சாட்சியச் சட்டத்தின் 63-ம் பிரிவு சான்றிதழில் அந்த எண்ணை எழுதவே இடம் விட்டிருக்கிறார்கள். அதே நாளில் வந்த நாகரிக் சுரக்ஷா என்கிற குற்ற நடைமுறைச் சட்டத்தின் 105-ம் பிரிவில் சோதனையையும் பறிமுதலையும் வீடியோ எடுக்க வேண்டும் என்று இருக்கிறது. வீடியோ உங்களுக்கும் காவல். 'நான் வைக்கவில்லை, போலீஸ் வைத்தது' என்ற வாதம் அதோடு போய்விடும்.

வழக்கு எங்கே தோற்கிறது என்பதற்கு ஒரு கதை சொல்ல வேண்டுமா? 2023-ல் சென்னையில் 22 கிலோ கஞ்சா வழக்கில் இரண்டு பேர் விடுதலை ஆனார்கள். பிடித்த சரக்கு எங்கே என்று நீதிமன்றம் கேட்டதற்கு, எலி தின்றுவிட்டது என்று பதில். வடக்கே மதுராவில் 581 கிலோவையே எலி தின்றதாக 2022-ல் சொன்னார்கள். எங்கள் வீட்டு நெல்மூட்டையில் இருந்த எலி இந்த அளவுக்குச் சாமர்த்தியசாலி இல்லை. டவர் டம்ப் (ஒரு டவரில் பதிவான எல்லா நம்பர்களின் பட்டியல்), முகம் அறியும் கேமரா, ட்ரோன் என்று வாங்குங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. அதோடு கூட சரக்கு வைக்கிற அறைக்கு ஒரு கேமராவும், மூட்டைக்கு மூட்டை எடை பதிகிற ஒரு தராசும் வாங்குங்கள். சில்க் ரோடு வழக்கில்கூட விசாரித்த அதிகாரிகளில் இரண்டு பேர் அதே வழக்கில் பிட்காயினைத் திருடி ஜெயிலுக்குப் போனார்கள். கருவி யார் கையில் இருக்கிறது என்பதை யாராவது பார்த்துக்கொண்டு இருக்க வேண்டியிருக்கிறது, எந்த ஊரானாலும்.

இப்போது அந்தப் பயத்தைச் சொல்கிறேன்.

சில வருடங்களுக்கு முன் என் கடைக்கு வாடிக்கையாக வருகிற ஒருவர், தன் தெருமுனையில் காலிமனையில் நடப்பதைப் பார்த்து ஒரு காவல் நிலையத்துக்குப் போன் செய்து சொன்னார். எந்த ஊர், எந்த நிலையம் என்பது வேண்டாம். பெயர் சொல்லவில்லை, நம்பர் மட்டும் அங்கே பதிவாகியிருக்கும். சாயங்காலம் ஆறு மணிக்கு அவருக்கு ஒரு போன் வந்தது. "என்ன அண்ணாச்சி, போலீஸுக்கெல்லாம் போன் போடுதீகளாமே" என்று ஒரு குரல். அவ்வளவுதான். திட்டவில்லை, மிரட்டவில்லை, ரொம்ப மரியாதையாகப் பேசினான். அவர் அடுத்த வாரமே அந்த நம்பரை மாற்றினார், ஆறு மாதத்தில் வீட்டையும் மாற்றினார். புது சிம் வாங்க என் கடைக்குத்தான் வந்தார். கைரேகை வைக்கும்போது விரல் நடுங்கி மெஷின் எடுக்கவே இல்லை. நான் நிஜமாகவே "இன்னொரு தடவை வைங்க" என்று சொல்ல வேண்டியிருந்தது.

அந்தத் தெரு, அதற்குப் பக்கத்துத் தெரு, அவருடைய சொந்தக்காரர்கள் என்று ஒரு இருநூறு பேராவது இந்தக் கதையைக் கேட்டிருப்பார்கள். அந்த இருநூறு பேரும் இனி வாயைத் திறக்க மாட்டார்கள். மதுவிலக்குப் பிரிவின் 10581, மத்திய அரசு 2024-ல் கொண்டுவந்த மானஸ் 1933 என்று எண்கள் இருக்கின்றன. கடைச் சுவரில் இரண்டையும் ஒட்டி வைத்திருக்கிறேன். பார்த்துவிட்டு, "இதுல போட்டா நம்ம நம்பர் தெரியுமா அண்ணாச்சி?" என்றுதான் எல்லாரும் கேட்கிறார்கள். தெரியாது என்று அடித்துச் சொல்ல எனக்கு ஆசை. ஒருவரின் அழைப்பு விவரப் பட்டியலை வாங்க எஸ்.பி. மட்டத்தில் அனுமதி வேண்டும் என்று வைத்திருக்கிறீர்கள் அல்லவா? தகவல் சொன்னவரின் நம்பரைப் பார்க்கவும் அதே பூட்டைப் போடுங்கள். யார் பார்த்தார்கள், எத்தனை மணிக்குப் பார்த்தார்கள் என்பது பதிவாகட்டும். கசிந்தால் யார் கை என்று தெரியட்டும். நீங்கள் வாங்குகிற எந்தக் கருவியையும்விட எங்களுக்கு இது முதலில் வேண்டும்.

வாழை வியாபாரியின் மகன் என்ன ஆனான் என்று கேட்பீர்கள். அன்று ராத்திரி அவர் கேட்டது ஒன்றுதான்: "ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனா போலீஸ் கேஸ் ஆயிருமா?" எனக்கும் அப்போது தெரியாது. வக்கீல் சிநேகிதர் ஒருவரை எழுப்பிக் கேட்டோம். என்.டி.பி.எஸ். சட்டத்தில் 64-ஏ என்று ஒரு பிரிவு இருக்கிறது. பழக்கத்துக்கு அடிமையானவர், உபயோகித்ததற்கோ சிறிய அளவுக்கோ குற்றம் சாட்டப்பட்டிருந்தாலும், தானாக முன்வந்து அரசு அங்கீகரித்த இடத்தில் சிகிச்சையை முழுதாக எடுத்தால் அந்தக் குற்றத்துக்கு வழக்கில் இருந்து விலக்கு உண்டு. வழக்கே இல்லாத பிள்ளைக்குப் பயப்பட என்ன இருக்கிறது? இதை எந்தப் போஸ்டரிலும் நான் பார்த்ததில்லை. கல்லூரி வாசலில் நீங்கள் வைத்திருக்கிற பேனரில் கைவிலங்குப் படம் இருக்கிறது, 10 வருடம் சிறை என்று இருக்கிறது. 14446 என்ற மறுவாழ்வு உதவி எண் கீழே பொடி எழுத்தில் இருக்கிறது. 64-ஏ இல்லை. அந்தப் பையன் சேர்ந்தான், நடுவில் ஒரு தடவை ஓடி வந்தான், மறுபடி சேர்ந்தான். இப்போது அப்பாவோடு மண்டிக்கு வருகிறான். போன் வேண்டாம் என்று பட்டன் போன் வாங்கிப் போயிருக்கிறான் என் கடையில் இருந்து.

அவன் போனில் இருந்த மேப் புள்ளிகளும், அந்தப் பெண் பெயருக்குப் போன பணத்தின் விவரமும் அவனே எழுதித் தந்து, அப்பா சம்மதத்தோடு என்னிடம் ஒரு தாளில் இருக்கின்றன. கொடுக்கத் தயாராக இருக்கிறேன். யாரிடம் என்பதுதான் இந்தக் கடிதம் முழுக்க நான் கேட்கிற கேள்வி. உங்களில் யாராவது வருவதாக இருந்தால் ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்துக்கு மேல் வாருங்கள், தெருவில் ஆள் இருக்காது. சீருடை வேண்டாம், ஜீப்பும் வேண்டாம். ஒரு பழைய போனைக் கையில் வைத்துக்கொண்டு, சார்ஜ் ஏறவில்லை என்று சொல்லுங்கள்.

இப்படிக்கு,
பாளையங்கோட்டையில் செல்போன் கடை வைத்திருக்கும் ஒருவன்